மேக்காசில் ஒரு தலையணை

அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலையை விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரம்பலூர் சாலையில் நடந்துகொண்டிருக்கிறேன். விட்டதற்குப் பெரிய காரணம் கிடையாது. நான் எந்த வேலையையும் பெரிய காரணத்துக்காக விட்டதில்லை. கிளம்பும்போது கூடுதல் வேலைக்கான பணம் எல்லோருக்கும் செல்போனில் வந்து விழுந்தது. என் பக்கத்தில் நின்றவருக்கு உடனே வீட்டிலிருந்து போன். அவருடைய வங்கிக் கணக்கு மனைவியின் செல் நம்பரோடு இணைந்திருக்கிறதாம். சிலிண்டருக்குச் சரியாகிவிட்டது என்று அந்தம்மா சொல்லிவிட்டார். மனிதர் டீ குடிக்கவே யோசித்தார்.

முன்பு பெரம்பலூர் சின்ன வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியபோது இப்படி இல்லை. இருட்டுவதற்குள் லாரியை ஏற்றி அனுப்பிவிட்டால் கூலிக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும். அதை மேக்காசு என்போம். கூலி வீட்டுக்கு. மேக்காசு வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஊருக்குப் பஸ் ஏறுவதற்குள் அதைத் தீர்த்துவிட வேண்டும். ஒருவர் சலூன் நாற்காலியில் சாய்ந்து, முகத்துக்கு என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் பூசச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். என் கூட்டாளி லூர்து அண்ணன் வரதராஜன்பேட்டைக்காரர். கறி தொடக் கூடாத தவக்காலத்தில்கூடப் பரோட்டாவும் சுக்காவும் தின்றுவிட்டு, வாசம் போக வாய் நிறையச் சோம்பை மென்றபடி சனிக்கிழமை பஸ் ஏறுவார். சோம்பு வாசம் வந்தாலே வீட்டில் விஷயம் தெரிந்துவிடும் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

எனக்கு ஒளிக்க ஒரு வீடு இல்லை. அதனால் மேக்காசு ருசிக்கவும் இல்லை. சினிமாவுக்குப் போனால் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். ஒருநாள் பஞ்சுக் கடையைத் தாண்டும்போது புதுத்துணியின் கஞ்சி வாசம் அடித்தது. அதுவரை மடித்த சாக்கில்தான் தலைவைத்துப் படுத்திருக்கிறேன். உள்ளே போய்த் தலையணை கேட்டேன். கடைக்கார அம்மா, "ஒண்ணா, ரெண்டா தம்பி?" என்றார். கூட வந்த லூர்து அண்ணன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சோம்பு தெறித்தது.

"தலகாணி வாங்கிட்டியா? இனிமே ஓட முடியாதுடா. பையில அடங்காது."

அன்றிலிருந்து மண்டியில் என் பெயர் மாப்பிள்ளை.

வெங்காய வரத்து நின்றதும் வேலையும் நின்றது. திருப்பூரில் கூலி அதிகம் என்றார்கள். அண்ணன் சொன்னது சரிதான், தலையணை பையில் அடங்கவில்லை. வரதராஜன்பேட்டைக்குப் போய் அவர் மனைவி பிலோமினா அக்காவிடம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, வெங்காய நாத்தம் என்று உறையைக் கழற்றினார்.

"எங்களுக்கு எதுக்கு? இது உன்னுது, இங்கயே கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம வந்தியன்னா சாப்புட்டுட்டுப் படுத்துத் தூங்கிட்டுப் போ."

நான் கிளம்பும்போது, கொடியில் அவர்கள் வீட்டுத் துணிகளோடு என் உறையும் காய்ந்துகொண்டிருந்தது.

லூர்து அண்ணன் இப்போது இல்லை. பிலோமினா அக்கா தன் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள். மேக்காசு என்று சொன்னால், போனஸா என்று கேட்கிறார்கள் பையன்கள்.

தலையணையைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, திருப்பூர் போக ஜெயங்கொண்டத்தில் திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன், வண்டி நகருமுன் இறங்கிவிட்டேன். மறுநாள் காலை அங்கேயே முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகையில் சேர்ந்தேன். திருப்பூர்க் கூலியில் பாதிகூடத் தேறாது. மேஸ்திரியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.