பதினேழாவது கம்பியடியில் உப்புத்தண்ணீர்

2010 காலாண்டு விடுமுறை. வீட்டில் கரண்ட் இல்லை, எனக்கு வேலை இல்லை. சிதம்பரம் பக்கம் ஒரு பழைய ஏரியின் கரைக்கு அடியில் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் குழுவில் மாமா இருந்தார். மண்ணுக்குள் கரண்ட் விட்டுப் பார்ப்பார்களாம். கடலூரில் எங்களுக்கே கிடைக்காதது மண்ணுக்குக் கிடைக்கிறதே என்ற வயிற்றெரிச்சலில் கிளம்பினேன்.

காலை 6.10க்குக் கடலூரில் பஸ், 7.40க்குச் சிதம்பரம். டிக்கெட் பதினெட்டு ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 14 கிலோமீட்டர், ஐந்து ரூபாய். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நிழல் என்று ஒன்று கிடையாது.

கரைமேல் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக இருபத்துநான்கு இரும்புக் கம்பிகளை அடித்து ஒயரால் இணைத்திருந்தார்கள். ஈர மண்ணில் கரண்ட் சுலபமாகப் போகும். கருவியின் திரையில் அந்த இடம் நீலமாகத் தெரியும். கரைக்குள் தண்ணீர் கசிந்தால் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். மேல்மண் காய்ந்து கிடந்ததால் கம்பிக்கு ஒரு குவளை உப்புத்தண்ணீர் ஊற்றச் சொன்னார் மாமா. பதினேழாவது கம்பிக்கு நான் இரண்டு குடம் ஊற்றினேன். திரையில் ஆறே ஓடட்டும், மாமா அலறட்டும் என்று.

ஆறு ஓடியது. மாமா அலறவில்லை. நடந்து வந்து, கம்பியடிச் சேற்றைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எவ்ளோடா ஊத்தின?"

"கொஞ்சம் ஜாஸ்தி மாமா. சும்மா வெளையாட்டுக்கு."

"நேரா கீழ செல்வி வீடு தெரியுதா? தரையெல்லாம் கசியுதுன்னு அந்தப் பொண்ணு மனு குடுத்துதான் நாங்களே வந்தோம். இப்ப இது உன் உப்பா, ஏரித் தண்ணியான்னு நான் எப்படிடா சொல்லுவேன்?"

அப்போது மணி ஐந்து. ஆறு மணிக்குக் கருவி வேறு ஊருக்குப் போக வண்டி வந்து நின்றது. தாளில் பதினேழுக்கு நேரே மாமா கேள்விக்குறி போட்டார். நல்ல மழை ஒன்று பெய்து உப்பு கரைந்தபிறகு வந்து அளக்கலாம் என்றார். கரை உடைந்துவிடுமோ என்று அந்த மழைக்குத்தான் அங்கே எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

செல்வி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அப்ப இருக்கறதா, கெளம்பறதா? ஒண்ணு சொல்லு தம்பி."

நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் மகளிடம் திரும்பினார். "பாயச் சுருட்டுடி, பெரியம்மா வீட்டுக்குப் போலாம். ஒங்கப்பா வரமாட்டாரு. ஆட்ட உட்டுட்டு அவுரு எங்க வருவாரு."

போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கடைசி டவுன் பஸ் 6.45. அளக்கிற இடத்தில் கையைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஊர் திரும்பி, அதே வாரம் இதை எழுதும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. செல்வி அக்காவின் வீட்டுக்காரர் நான்கு ஆடுகளோடு இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.