214-ஆம் வரியில் நின்றது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது என் சொந்த அக்காவுக்கு நடந்தது. பேய் என்று வாயெடுத்தாலே "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று என் தலையில் குட்டுகிறவள் அவள். அவள் வாயாலேயே இதை மூன்று முறை கேட்டுவிட்டேன். ஒரு நிமிடக் கணக்குகூட மாறவில்லை. அதுவும் நடந்தது பட்டப்பகலில்.

அக்கா புரோகிராம் எழுதுகிறவள். மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் இயந்திரம் இருக்கிறதே, அதற்குள் ஓடும் புரோகிராம். ஒரு நாள் அப்படியொரு இயந்திரம் நான்கு கிலோ குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்தை ஏற்றப் பார்த்தது. நர்ஸ் கண்ணில் பட்டதால் குழந்தை பிழைத்தது. அளவு கணக்கிடும் பகுதியை எழுதியவர் அக்காவின் பக்கத்து மேஜைக்காரர். சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார், அதனால் ஆபீசில் அவருக்கு அரைக்கை என்று பெயர். பழி அவர் தலையில் விழுந்தது. வேலை போனது. ஆறாவது வாரம் மாரடைப்பில் ஆளும் போய்விட்டார்.

"தவறு அவருடையதே" என்று ஓர் அறிக்கை தயாராக இருந்தது. திங்கட்கிழமை காலை அக்கா அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் தவறு எந்த வரியில் என்று யாருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை. ஞாயிறு மதியம் தனியாக ஆபீசுக்குப் போனாள்.

டீபக்கர் என்பது புரோகிராமில் தவறைத் தேடும் கருவி. புரோகிராமை ஓட்டும்போது டீபக்கர் ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுத்தால், அது முதல் வரிக்கு முன்னாலேயே நின்றுவிடும். டீபக்கர் வந்து இணைந்தால்தான் நகரும். பிறகு ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கலாம். அக்கா அந்த ஆப்ஷனை பில்ட் டூல் வழியாகக் கொடுத்தாள். புரோகிராமைக் கட்டி, ஓட்டியும் விடுகிற கருவி அது. கட்டளையைத் தட்டியபோது மணி 2:17. "டீபக்கருக்காகக் காத்திருக்கிறது" என்று திரையில் வந்தது. அக்கா தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள்.

திரும்பி வந்தால் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. தாண்டிய வரி எண்கள் திரையில் வந்துகொண்டிருந்தன. 196... 197...

அவள் இன்னும் டீபக்கரைத் திறக்கவே இல்லை.

அவசரமாகத் திறந்து இணைக்கப் பார்த்தாள். மறுத்துவிட்டது. ஏற்கெனவே வேறொருவர் இணைந்திருக்கிறாராம்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குழுவில் கண்ணாடி என்று ஒருவன் உண்டு. அறிக்கையை முடித்தால் போதும் என்று ஒற்றைக் காலில் நின்றவன். வீட்டிலிருந்தே நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து எதையோ மறைக்கிறான் என்று நினைத்தாள். புரோகிராமை நிறுத்தவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே! 2:31-க்குப் போன் போட்டாள்.

"என் மெஷினுக்குள்ள என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"மேடம், நான் பொண்ணோட நீச்சல் கிளாஸ்ல இருக்கேன்."

பின்னால் தண்ணீர்ச் சத்தம். பிள்ளைகளின் கூச்சல். அவள் நம்பவில்லை. போனை வைத்துவிட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் போட்டாள். இப்போது எவனும் உள்ளே வர முடியாது.

205...

டக்.

206...

டக்.

சத்தம் பக்கத்து மேஜையிலிருந்து வந்தது. அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. அரைக்கை போன பிறகு எடுத்துவிட்டார்கள். வயர் சுற்றி வைத்த பழைய கீபோர்டு மட்டும் கிடந்தது.

யார் இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தாள். ஒரே ஒரு முகவரி. அவளுடைய கம்ப்யூட்டரின் முகவரியேதான். வந்தவர் வெளியிலிருந்து வரவில்லை...

212... டக்.

213... டக்.

214.

நின்றுவிட்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நகரவில்லை. ஓடிவிடலாமா என்று எழுந்தவள், என்ன நினைத்தாளோ, உட்கார்ந்து 214-ஆம் வரியைத் திறந்தாள்.

பத்து கிலோவுக்குக் கீழே எடை இருந்தால் தசமப் புள்ளி விழுந்துவிடுகிறது. 4.2 கிலோ, 42 ஆகிவிடுகிறது.

அந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று பார்த்தாள்.

அவள் பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாற்றியது. கோப்பின் தலைப்பில் அரைக்கையின் பெயர் இருந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. அவளும்தான்.

பக்கத்து மேஜைப் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் இல்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான்தான் சார்... நான்தான் பண்ணேன்."

டக்.

215... 216... மளமளவென்று ஓடியது. "முடிந்தது." மணி 2:58.

திங்கட்கிழமை அறிக்கையில் அவர் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். மேனேஜர் குதித்தார். அவள் அசையவில்லை. அரைக்கையின் மனைவியைத் தேடிப் போய் நேரிலும் சொன்னாள். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அக்கா அழுத மாதிரி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து கண்ணாடி அவளுடைய கட்டளையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மேடம், ஆப்ஷனைத் தப்பான இடத்துல போட்டிருக்கீங்க. இது பில்ட் டூலுக்குத்தான் போகும். புரோகிராமுக்குப் போகவே போகாது."

"அப்படின்னா?"

"புரோகிராமை யாராலயும் நிறுத்தியிருக்க முடியாது. இதோ, அதோட பதிவைப் பாருங்க."

தொடக்கம் 2:17:05. முடிவு 2:17:09.

நான்கே நொடி. நடுவில் எங்கும் நிற்கவில்லை.

கண்ணாடியின் போனில் அக்காவின் அழைப்பு இன்றும் இருக்கிறது. மணி 2:31.