மாசியில் வந்த ஈசல்

எங்கள் அத்தையின் கல்யாணம் நின்றதற்கு ஈசல்தான் காரணம் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். ஐப்பசியில் முதல் மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும். அக்கம்பக்கத்தில் விளக்குக்குக் கீழே தண்ணீர்ச் சட்டி வைத்துப் பிடித்து வறுத்துத் தின்பார்கள். நாங்கள் சுத்த சைவம். தின்னவும் மாட்டோம், கொல்லவும் மாட்டோம். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் புறவாசலில் ஓர் அரிக்கேன் விளக்கை மட்டும் வைப்போம். ஈசல் மொத்தமும் அங்கே போய்விடும். அந்த விளக்கைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. இருபத்தெட்டு வயதுவரை தட்டிக்கொண்டே போன வரன் ஒரு மாசியில் கூடிவந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். நிச்சயத்துக்கு அப்பா நாலு டியூப் லைட் வாடகைக்கு எடுத்து முற்றத்துப் பந்தலில் கட்டினார். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியை நிச்சயத்துக்கே வைக்கச் சொன்னார். தேங்காய்ப்பாலில் செய்கிற அந்தக் குழம்பு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உயிராம்.

அந்த வருஷம் மாசியிலேயே சித்திரை வெயில் அடித்தது. நிச்சயத்தன்று நாலு மணிக்கு, எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. நல்ல சகுனம் என்றார்கள். நான் புறவாசலுக்குப் போனால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துப் பொந்துகளில் ஈசல்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, ஈசல் வரப்போகுது. அரிக்கேன் வைக்கட்டா?"

"ஏட்டி, மாசியில என்ன ஈசல்? ஆள் வார நேரத்துல தொணதொணங்காத. பைய உள்ள போ."

பத்தமடைப் பாயில் உட்கார்ந்து தட்டு மாற்றினார்கள். பிறகு பந்தலில் இலை போட்டார்கள். இரண்டாம் முறை சொதி விடும்போது வந்தது பாருங்கள், புறவாசல் பக்கமிருந்து ஒரு படை. நாலு டியூப் லைட்டையும் மறைத்துக்கொண்டு பறந்தது. அப்பா பதறிப்போய் எல்லா விளக்கையும் அணைத்தார். மறுபடி போட்டபோது, வெள்ளை வெளேரென்ற சொதியில் சிறகும் உடம்புமாக ஈசல் மிதந்து நெளிந்தது. மாப்பிள்ளையின் அப்பா இலையை மூடாமல் எழுந்தார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, வேற எல போடச் சொல்லுதேன்" என்று அப்பா அவர் பின்னாலேயே போனார்.

அவர் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் நின்று, "மாசியில ஈசல் வந்து நான் பாத்ததே இல்ல. பொண்ணு வீட்டுக்கு வருமுன்னயே இப்படி உயிர் விழுதுன்னா, மனசுக்கு ஒப்பல" என்றாள். பத்தாம் நாள் நாங்கள் கொடுத்த தட்டும் வேட்டியும் திரும்பி வந்தன.

அதோடு முடிந்தது. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் ஈசல் கதையைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள், கேட்டதை உறுதி செய்துகொண்டு போனார்கள். "அவ ராசி அப்படி" என்றாள் அம்மா. "எல்லாம் ஜாதகம்" என்றார் அப்பா. நான் சொன்னதையும் தான் விரட்டியதையும் அவர் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போது எங்கள் ஊரில் ஈசல் எந்த மாதத்திலும் வருகிறது. சில ஐப்பசிகளில் வருவதே இல்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தினம் பேப்பர் படிக்கிறார். போன மாசம் சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பூமியே சூடாயிட்டு வே. மழைக்கும் மாசம் கெடையாது, பூச்சிக்கும் மாசம் கெடையாது. அதுக என்ன செய்யும், பாவம்." இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தது அத்தைதான். ஈசலுக்குக் கிடைத்த பாவம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

நிச்சயத்துக்கு மறுநாள் காலையில் அத்தை பந்தலில் சிறகுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பட்டுப் புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை. நான் பக்கத்தில் போய், பெருமையாகச் சொன்னேன்.

"நான் அப்பாகிட்ட அப்பமே சொன்னேன் அத்தை. அப்பாதான் விளக்கு வைக்க விடல."

அத்தையின் கை நின்றது. உள்ளே அப்பா இருக்கிறாரா என்று பார்த்தாள். பிறகு என் வாயைப் பொத்தினாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாத. அண்ணன் காதுல விழக்கூடாது."

நல்லது செய்யப் போன என்மேல் கோபப்படுகிறாளே என்று அழுதேன். தட்டு திரும்பி வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இனி ஆயுசுக்கும் அண்ணன் வீட்டுச் சோறுதான் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.