கார்ச் சத்தத்தை அடக்கத் தும்பு வைத்தேன்

நான் அஞ்சாம் வகுப்பு மட்டும்தான் படித்தவள். எழுத்துக் கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1950களில் என் புருஷன் கல்முனையில் ஒரு பழைய காரை வாங்கித் திருத்தினார். பெண்கள் மறைவாகப் போகத் திரையும் கட்டினார். ஆனால் அடிப்பலகை தடதடவென்று கத்தும்.

"ஊரைக் கூப்பிட்டுக்கொண்டு போற காருக்குத் திரை எதுக்கு மதினி?" என்று அவருடைய தங்கை சிரிப்பாள்.

எனக்கு வெட்கம். சத்தத்தை அடக்கக் கொழும்பிலிருந்து தார்க் கம்பளி வரட்டும் என்றார் அவர். "மெத்தைக்குப் போடுற தேங்காய்த் தும்பு வீட்டில கிடக்கு, அது போதும்" என்று நான்தான் பிடிவாதம் பிடித்துப் பலகைக்குக் கீழே அடைக்க வைத்தேன். சத்தம் அடங்கிப் போச்சு.

நிந்தவூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த அந்தத் தங்கை, "மதினி, கால் சுடுது" என்றாள்.

"வெயில்தான்கா, சும்மா இரு" என்று அதட்டினேன்.

கொஞ்சத்தில் திரைக்குள்ளே புகை. கீழே போற புகைக்குழாயின் சூட்டில் தும்பு பற்றியிருந்தது. நடுரோட்டில் குதித்தோம். பின்னால் ஒரு பஸ்ஸில் வந்த ஆண்கள் இறங்கி மண் அள்ளிப் போட்டு அணைத்தார்கள்.

"இதுவும் வெயில்தானா மதினி?" என்று கொப்புளம் போட்ட காலைக் காட்டினாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்போது யாராவது சுடுது என்றால், முதலில் என் கையை வைத்துப் பார்க்கிறேன். காருக்கு எது போடலாம் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. நான் எழுதினதைக் கராஜ் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி அச்சில் போடுங்கள்.