நாலு வரியில் செத்தவள்

ஆல்டர் ஃபால்ஸ் ஊரில் வெர்னா திபடோவின் கையால் சாகாதவர்கள் கொஞ்சம் பேர்தான். முப்பத்தோரு வருடமாக அந்த ஊருக்குத் தபால் கொடுக்கிறவள் அவள். வருடத்துக்கு ஒரு பேய்க்கதை எழுதி, அக்டோபர் கடைசி சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். கதையில் வருகிறவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள், அதுவும் சொந்தப் பெயரோடு. பாதிக்கு மேல் செத்துப்போவார்கள்.

அவள் எழுத ஆரம்பித்ததே ஒரு விபத்து. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஹாலோவீனுக்குப் பேய்க்கதை வாசிக்க வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நூலகக்காரி கோரா பழைய தொகுப்பு ஒன்றைப் பிரித்ததுமே, வேஷம் போட்டு வந்திருந்த பிள்ளைகள் "அந்தக் கை அவனோடதுதான்! போன வருஷமே கேட்டாச்சு!" என்று கத்தித் தீர்த்துவிட்டார்கள். எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த வெர்னா பாவம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எரிந்துபோன வீட்டுக்குத் தினமும் கடிதம் வருகிறது, அதை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் வாயை மூடிக் கேட்டார்கள். அன்றிலிருந்து இலை பழுக்க ஆரம்பித்தால் அவளுக்குக் கை அரிக்கும்.

போகப்போக அவள் கதையில் சாவது ஊரில் ஒரு கௌரவமாகிவிட்டது. குழாய் வேலை செய்யும் டெல்மர், தபால் வண்டியை நடுரோட்டில் மறித்தே கேட்பான்.

"வெர்னா, இந்த வருஷமாவது என்னை நல்லபடியா கொல்லு. போன தடவை வெறும் மாரடைப்பு. என் மச்சான் கேலி பண்றான்."

"உனக்குப் பனிக்கரடி வெச்சிருக்கேன்டா. வழி விடு."

சந்தோஷப்படாத ஒரே ஆள் ஹேசல் பிக்கெட். மலைச்சரிவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் கிழவி. ஏழு வருடத்துக்கு முன்னால் வெர்னா அவளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. ஹேசல் எழுந்தாள், கோட்டை மாட்டினாள், போய்விட்டாள். மறுவாரமே தபாலாபீசில் ஒரு பெட்டி வாடகைக்கு எடுத்து, தன் தபாலைத் தானே வந்து எடுத்துப்போக ஆரம்பித்தாள். கடையில் எதிரே வந்தாலும் பார்வை மட்டும் தயிர் டப்பா மேலேயே இருக்கும்.

"ஒரு மன்னிப்புக் கடுதாசி போட்டா என்ன?" என்பான் வெர்னாவின் புருஷன் கில்.

"கதைக்கு எவளாவது மன்னிப்புக் கேப்பாளா?" என்று சொல்லிவிடுவாள். ஆனால் அந்தத் தோட்டத்தைத் தாண்டும்போது வண்டி தானாக வேகமெடுக்கும்.

இந்த அக்டோபர் முதல் வாரம் ஹேசல் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். தபால் மறுபடி வீட்டுக்கே வந்தது. கையெழுத்து வாங்க வேண்டிய பார்சல் ஒன்றும் வந்ததால் வெர்னா கதவைத் தட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

"திறந்துதான் கெடக்கு!"

ஹேசல் மாவுக்கட்டுக் காலை முக்காலி மேல் நீட்டியிருந்தாள். பார்சலை வாங்கி, வெர்னா முன்னாலேயே பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே புத்தம்புது நாவல், அட்டையில் ஒரு பாழடைந்த வீடு. நாற்காலி பக்கத்தில் அதே மாதிரி ஒரு குவியல், எல்லாம் பேயும் பிசாசும்.

வெர்னாவால் சும்மா இருக்க முடியவில்லை. "நீங்க இதெல்லாம் படிப்பீங்களா?"

"இலை கொட்டுற காலத்துல வேற என்னத்தைடி படிக்கிறது?"

"அப்புறம் ஏன்... நான் கொன்னதுக்குப் போய் இவ்வளவு கோபம்?"

ஹேசல் கண்ணாடியைக் கழற்றினாள். "கொன்னதுக்கா? ரெண்டாம் பக்கத்துல கொன்னதுக்கு! 'எட்டிப் பார்த்தாள், விழுந்தாள்.' மொத்தமே நாலு வரி. அந்தக் குழாய்க்காரப் பய மட்டும் பதினோரு பக்கம் அலறிக்கிட்டுத் திரியறான். ஒரு பேயாக்கூட என்னை வரவிடலை. நாலு வரியில முடிஞ்சு போற ஆளா நான்?"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. முப்பத்தோரு வருடமாக ஊருக்கே தபால் கொடுக்கிறவளுக்கு இந்த மனுஷியைப் பற்றி நாலு வரிக்கு மேல் தெரியாது என்பதுதான் உண்மை. வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. பேயா வந்தா என்ன செய்வீங்க?"

"முனகமாட்டேன். முதல்ல அதை எழுதிக்கோ."

அதற்கப்புறம் மூன்று வாரம், தபால் முடித்து வரும் வழியில் வெர்னாவின் வண்டி அங்கே நின்றது. சூடான ஆப்பிள் சாறும் டோனட்டும் ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம். சங்கிலிச் சத்தம் வேண்டாம் என்றாள் ஹேசல், வெள்ளைப் போர்வை மாதிரித் தொங்கும் துணியும் கூடாது. "என் தோட்டத்துல பழத்தைப் பிச்சு இழுக்கிறவனைக் கண்டா செத்தாலும் சும்மா இருக்கமாட்டேன். அது போதும்."

சனிக்கிழமை நூலகம் நிரம்பி வழிந்தது. சூனியக்காரி வேஷம் போட்ட குட்டிகள் தரையில், பெரியவர்கள் சுவரோரம். ஹேசல் ஊன்றுகோலோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெர்னா வாசித்தாள். யாருமில்லாத தோட்டம், மூடுபனி. திருட்டுத்தனமாக நுழைந்த டெல்மர் ஒரு பழத்தைப் பிடித்து இழுக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அந்த இடத்தில் நிறுத்தி, தாளைத் தாழ்த்தினாள்.

"காம்போட பறிடா."

ஹேசல் அதை உரக்கச் சொல்லவில்லை. வேலைக்காரர்களிடம் அறுபது வருடமாகச் சொன்ன அதே சாதாரணக் குரல்தான். கூடம் அலறியது. நிஜ டெல்மர் கையிலிருந்த ஆப்பிள் சாற்றை மடியில் கொட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். ஒரு குட்டிச் சூனியக்காரி அழுதாள், பிறகு "இன்னொரு தடவை!" என்றாள். ஹேசலின் பேய் டெல்மரைத் துரத்தித் துரத்திக் கொன்று, கடைசிப் பக்கம்வரை வந்தது. தன் வசனங்களை அவளே பேசினாள், எழுதாத இரண்டு திட்டையும் சேர்த்து.

கைத்தட்டல் அடங்கியதும் டெல்மர் வெர்னாவிடம் வந்தான். "இதுதான் சாவு" என்று கையைக் குலுக்கினான்.

ஹேசல் கிளம்பும்போது பாழடைந்த வீட்டு நாவலை வெர்னாவின் பையில் திணித்தாள். "படிச்சிட்டுச் சொல்லு. உன்னுதைவிட நல்லாவே இருக்கு."

ஞாயிறு பகலில் வெர்னா அதைப் பிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. நாற்பதாம் பக்கத்தில் எழுந்துபோய் வீட்டு விளக்கெல்லாம் போட்டாள்.

"வெயில் அடிக்குதே" என்றான் கில்.

"நீ பேசாம கீழே நிலவறைக்குப் போய்த் துவைச்ச துணியை எடுத்துட்டு வா" என்றாள். "நான் போகமாட்டேன்."