அப்பீலுக்குப் பதினெட்டு நாள் தாமதம்

மூன்று வருடத்துக்கு முன், கேரள எல்லைக்குள் இருக்கிற முதலமடையில் மாங்காய் சீசன் முடிகிற சமயம். நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்புக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். என் தம்பி பேரில் வாரண்ட் வரப்போகிறது, உடனே வக்கீலைப் பாருங்கள் என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி ஓட்டிய பிக்கப் மோதி பைக்கில் வந்தவருக்குக் கால் முறிந்த வழக்கு அது. பைக் திடீரென்று குறுக்கே திரும்பியது என்று தம்பி சொன்னது எடுபடவில்லை. ஆறு மாதம் ஜெயில். அப்பீல் செய்ய முப்பது நாள் அவகாசம், அதுவரைக்கும் ஜாமீன்.

எங்கள் பக்கம் சீசனில் கல்யாணம்கூட வைக்க மாட்டோம். காதுகுத்தோ கண் ஆபரேஷனோ, எதுவானாலும் காய் இறங்கட்டும் என்போம். கோர்ட் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று அப்பீலையும் அந்தக் கணக்கில் தள்ளிவைத்த மேதாவி நான்தான். கெடு முடிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தம்பி மனைவி ஜெயிலுக்கென்று அவன் துணிகளைப் பையில் எடுத்துவைக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை பாலக்காட்டுக்கு ஓடினோம். வக்கீல் கோர்ட்டில் இருந்தார். ஆபீசில் அவருடைய குமாஸ்தா, தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைக்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். தாமதத்துக்குக் காரணம் காட்ட, தம்பிக்கு மஞ்சள் காமாலை என்று பொய் சர்டிபிகேட் தர ஆள் இருக்கிறது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏனுங்ணா, அந்த நாள்ல உங்க தம்பி என்ன பண்ணிட்டிருந்தாருங்க?"

"தோப்புலதான் அம்மிணி. தெனமும் காய் ஏத்தற லோடு சீட்டுல கையெழுத்துப் போட்டது அவன்தான்."

"அப்ப அந்தச் சீட்டையே கொண்டாங்க. ஒவ்வொரு நாளும் எங்க இருந்தாருன்னு நெசத்தையே எழுதிரலாமுங்க. மன்னிக்கறது ஜட்ஜு கையில."

நிஜத்தைச் சொன்னால் தம்பி உள்ளே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் போய்ச் சீட்டுகளைக் கொண்டுவந்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே அவள் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை டைப் செய்தாள். மலையாளத்தில் இருந்ததை வரிக்கு வரி தமிழில் சொல்லி, தம்பிக்குப் புரிந்த பிறகுதான் கையெழுத்து வாங்கினாள்.

மனு கோர்ட்டுக்கு வந்தபோது, ஜெயிலைவிட மாங்காய் பெரிதா என்று ஜட்ஜ் மலையாளத்தில் கேட்டார். தலை குனிந்து நின்றேன். சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார், கண்டித்தார், பிறகு அப்பீலை ஏற்றுக்கொண்டு தண்டனையை நிறுத்திவைத்தார். கோர்ட் வராந்தாவில் வெட்கமில்லாமல் அழுதேன். பின்னால் அப்பீல் விசாரணையில் ஜெயில் தண்டனை நீங்கி, அபராதத்தோடு முடிந்தது.

அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட நன்றிக்கடன், தம்பி ஜெயிலுக்குப் போகாமல் தப்பியதற்கு மட்டும் அல்ல. என் தப்பை மறைக்க, என் தம்பியையே பொய்யில் கையெழுத்துப் போடவைக்க இருந்தேனே, அதிலிருந்து என்னைக் காப்பாற்றியதற்கும்தான்.