காலித் தோணியிலிருந்து வந்த பதில்

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் மஷாக்காவின் எதிர் வீட்டில் பதினோரு வருஷம் குடியிருந்தவன் நான். அந்த மனுஷன் குடிக்க மாட்டான். ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்கிற ஆளும் இல்லை. இதைப் பற்றி அவன் பேசியதே இரண்டு மூன்று தடவைதான். ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஸான்ஸிபார் சுல்தான் வெள்ளைக்காரர்களோடு உடன்படிக்கை போட்டு, அடிமைச் சந்தையை இழுத்து மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் கடல் வழியாக ஒரு ஆளைக்கூட விற்பனைக்கு ஏற்றக் கூடாது என்று சட்டம். சந்தையை மூடினால் வியாபாரம் படுத்துவிடுமா என்ன? ஊரறிய நடந்தது ஒளிந்து நடந்தது, அவ்வளவுதான். துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களின் காவல் கப்பல் ஒன்று நின்றது. அதன் படகுகள் தீவைச் சுற்றிச் சுற்றி வந்து தோணிகளை மடக்கும். மடக்கிய தோணியில் இருப்பவர்களோடு பேச ஒரு ஆள் வேண்டுமே, அந்தத் துபாஷி வேலை மஷாக்காவுக்கு.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. தோணியின் அடிக்கிடங்கில் இறங்குவதற்கு முன்னால் “ஹோடி” என்று குரல் கொடுப்பான். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். உள்ளேயிருந்து “கரிபு” என்று பதில் வந்தால்தான் காலை எடுத்து வைக்கலாம். கூப்பிட்டுப் பார்த்துப் பதில் இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். பதில் வந்த பிறகு திரும்பினால் அந்த வீட்டையே அவமானப்படுத்திய மாதிரி. ஆனால் அடிமைத் தோணியில் யார் ஹோடி சொல்லுவார்கள்? சொல்ல வைத்தவள் அவன் மனைவி ஸுவேனா. அவளே அப்படி ஒரு தோணியிலிருந்து அவன் கைபிடித்து இறக்கியவள்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

“ஆட்டுப் பட்டிய எட்டிப் பாக்குற மாதிரி தலைய நீட்டினீங்களே அன்னைக்கு, உள்ள இருந்தது மனுஷங்க இல்லையா? ஹோடின்னு ஒரு வார்த்தை கேட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துருமோ?”

அன்றிலிருந்து அவன் கேட்காமல் இறங்கியதில்லை.

அன்று காலை, தீவுக்கு வடக்கே, முஹன்னா என்ற நகுதாவின், அதாவது தோணித் தலைவனின், தோணியை மடக்கப் போனார்கள். படகைக் கண்டதுமே அது ஓட்டம் பிடித்தது. துரத்திப் பிடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் நகுதாவும் ஐந்து மாலுமிகளும், கொஞ்சம் கிராம்பு மூட்டை, கொஞ்சம் தேங்காய். வேறு ஒரு ஆள் இல்லை.

ஆனால் அடுப்பில் இருந்த பானை ஆறு பேருக்கு ஆக்குகிற பானை இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்கே ஆக்கலாம். தண்ணீர்ப் பீப்பாய்களும் அப்படித்தான். கிடங்குக்குள் மூங்கில் தளம் வேறு போட்டிருந்தது. ஆட்களை நெருக்கி உட்கார வைப்பதற்குத்தான் அப்படிப் போடுவார்கள். பிறகு அந்த வாடை. மஷாக்காவுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். காலையில் இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

“எங்க போனாங்க?” என்று கேட்டான்.

“யாரு?” என்று சிரித்தான் முஹன்னா. “பானை பெருசா இருந்தா அதுவும் குத்தமா துபாஷி? எங்க பசங்க கொஞ்சம் நல்லா சாப்பிடுவானுங்க. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா, இந்தத் தோணியில வேற ஆளே கிடையாது.”

அவன் சொன்ன அந்த நேரத்தில் அது பொய்யும் இல்லை.

படகின் லெப்டினென்ட் துரைக்கும் சந்தேகம்தான். பக்கத்துக் கரையில் இறக்கி ஒளித்திருப்பான் என்று இரண்டு பேரை அனுப்பிப் பார்த்தார். மணலில் ஒரு காலடிகூட இல்லை. சரி, தோணியை ஊருக்கு இழுத்துக்கொண்டு போவோம், மறுநாள் வெள்ளைக்காரக் கான்சல் விசாரிக்கட்டும் என்று கிளம்பிவிட்டார்கள். வெறும் பானையையும் மூங்கிலையும் வைத்துக் கான்சல் என்ன தீர்ப்புச் சொல்வாரோ. ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டால் தோணி முஹன்னா கைக்குத் திரும்பிவிடும். ஒளித்து வைத்த ஆட்களை அவன் மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடுவான். யாரோ சிலர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே என்பது விடிவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

தோணியைக் காவல் கப்பலுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டார்கள். முஹன்னாவையும் மாலுமிகளையும் கப்பலுக்கு ஏற்றிவிட்டார்கள். தோணிக்குக் காவலாக மஷாக்காவும் ஃபெருஸி என்ற மாலுமியும் மட்டும். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் பொங்கி ஏறுகிற நேரம்.

“இன்னொரு தரம் உள்ள பாத்துட்டு வரேன்,” என்றான் மஷாக்கா. ஒரு பாசிமணி, ஒரு துணிக்கிழிசல், ஏதாவது கிடைக்காதா என்ற ஆசை.

கிடங்கு வாசலில் நின்றான். பழக்க தோஷம். காலித் தோணி என்பதே மறந்துவிட்டது.

“ஹோடி.”

பின்னால் ஃபெருஸி குலுங்கிச் சிரித்தான். “அண்ணே, எலிகிட்டயா உத்தரவு கேக்குறீங்க? அதுங்க வீட்ல இல்லையாம், அப்புறம் வாங்க!”

மஷாக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான்...

“கரிபு.”

உள்ளேயிருந்து. ஒரு பெண் குரல். ரொம்பக் களைத்த குரல்.

அதற்குப் பின்னால் இன்னும் பல குரல்கள்... ஒன்றன்மேல் ஒன்றாக... கரிபு... கரிபு...

அவன் திரும்பி ஃபெருஸியைப் பார்த்தான். ஃபெருஸி கயிற்றுச் சுருள்மேல் சாய்ந்து ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை.

ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் கடலில் குதித்தாவது ஓடியிருப்பேன். ஆனால் கரிபு என்று சொல்லிவிட்டார்களே. அழைத்த வீட்டுக்கு முதுகைக் காட்ட அவனுக்கு மனம் வரவில்லை. ஆட்கள் உள்ளேயே எங்கோ ஒளிந்திருக்கிறார்களோ என்று ஒரு நப்பாசையும் கூட.

இறங்கினான்.

உள்ளே இருட்டவில்லை. பலகை இடுக்குகளில் மாலை வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. யாரும் இல்லை. மூங்கில் தளம் காலியாகக் கிடந்தது. இரண்டு எட்டு வைத்தான்.

காலுக்குக் கீழே மூங்கில் இல்லை... மணல்.

ஈர மணல். விரலிடுக்கில் நெகிழ்ந்தது. குனிந்து பார்த்தான். கண்ணுக்கு மூங்கில்தான் தெரிந்தது.

அப்புறம் சத்தம். சளக்... சளக்... தோணிக்கு வெளியே அல்ல. உள்ளே. அவனைச் சுற்றி.

கணுக்காலில் சில்லென்றது.

தண்ணீர். பார்த்தால் தெரியவில்லை, ஆனால் ஏறியது. முழங்கால். தொடை. திரும்ப நினைத்தான். கால் வரவில்லை. மணல் பிடித்துக்கொண்டது.

“ஃபெருஸி!”

பதில் இல்லை. மேலே அதே பாட்டு. ஒரு வரிகூட மாறாமல் கேட்டது.

பிறகு கைகள்.

அவன் கையை ஒன்று பிடித்தது. இன்னொன்று முதுகை. இன்னொன்று... எத்தனை என்று தெரியவில்லை. எல்லாம் பனிக்கட்டியாய் இருந்தன. கீழே, சட்டை விளிம்பை ஏதோ பிடித்து இழுத்தது. ரொம்பச் சின்னக் கை.

கத்தினான். கையை வீசி உதறினான்.

அது விட்டது.

அதே நொடியில் தோள்மேல் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கால். தலைமயிரை இறுகப் பற்றிய பத்து விரல். அதையும் உதறப் பார்த்தான்... அது அழுதது.

குழந்தை.

தன்னையறியாமல் கையை உயர்த்தி அதன் காலைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் மார்புக்கு வந்தது.

கழுத்துக்கு.

ஊரிலிருந்து அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. பக்கத்தில்தான் பள்ளிவாசல். ஆனால் எங்கோ தொலைதூரத்திலிருந்து, காற்றில் அடித்துக்கொண்டு வருகிற மாதிரி...

முதுகைப் பிடித்திருந்த கை விட்டது.

பிறகு இன்னொன்று.

ஒவ்வொன்றாக.

கடைசியாக வலது கையைப் பிடித்திருந்தது மட்டும் ஒரு தரம் அழுத்தியது.

அதுவும் விட்டது.

தண்ணீர் உதட்டில் உப்புக் கரித்தது. முகத்தை மேலே தூக்கினான். குதிகாலை உயர்த்தி நின்றான்.

நின்றான்.

“அண்ணே?”

விளக்கு வெளிச்சம். ஃபெருஸி படியில் நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கிடங்கு நடுவில் மஷாக்கா விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தான். முகம் கூரையைப் பார்த்திருந்தது. இரண்டு கையும் தோளுக்கு மேலே எதையோ பிடித்திருந்தன. உதடுவரை தொப்பலாக நனைந்திருந்தான். கிடங்கில் சொட்டு ஈரம் இல்லை.

“அண்ணே... எப்ப தண்ணில இறங்கினீங்க?” ஃபெருஸி விளக்கை இன்னும் உயர்த்தினான். “கைய கீழ போடுங்கண்ணே.”

“போட மாட்டேன்,” என்றான் மஷாக்கா. “இன்னும் உக்காந்திருக்கு.”

ஃபெருஸி காவல் கப்பலைப் பார்த்துக் கூவினான். படகு வந்தது. கையைக் கீழே போடாமலேயே மஷாக்காவைக் கப்பலில் ஏற்றினார்கள். லெப்டினென்ட் துரை ஓடி வந்து ஏதோ கேட்டார். அவன் காதில் ஏறவில்லை. நேராக முஹன்னாவை வைத்திருந்த இடத்துக்குப் போனான். மாலுமிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முஹன்னா நிமிர்ந்து பார்த்தான். சொட்டச் சொட்ட நிற்கிறவனைப் பார்த்தான். சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை மணலைப் பார்த்தான். முஹன்னாவின் முகம் வெளுத்தது.

“எதுவரைக்கும் ஏறிச்சு?” என்று கேட்டான்.

“எது?”

“தண்ணி.”

முஹன்னா தலையில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“நீங்க எங்களப் பாத்துத் துரத்துறதுக்கு முன்னாடியே நடுக்கடல் மணல் திட்டுல இறக்கி விட்டேன் துபாஷி. தண்ணி வத்தியிருந்துச்சு. உங்க படகு போற வரைக்கும்தான், கொஞ்ச நேரம் உக்காருங்க, வந்து ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். எப்பவும் அப்படித்தான் செய்வோம். நீங்க சோதனை போட்டுட்டு விட்டுருவீங்கன்னு நெனச்சேன். இப்படி ஊருக்கே இழுத்துட்டு வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“மத்தியானத்துலேர்ந்து என் பக்கத்துலயே உக்காந்திருந்தியேய்யா. அப்ப சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா தோணி போயிருமே.”

அதைக் கேட்டபோது மஷாக்காவுக்கு அவனை அங்கேயே மிதித்துக் கொல்லத் தோன்றியது. கை இரண்டும் மேலே இருந்ததால் முஹன்னா தப்பித்தான்.

நீராவிப் படகு உடனே கிளம்பியது. துரையே சுக்கானைப் பிடித்தார். மஷாக்கா முன்பக்கம் உட்கார்ந்திருந்தான். தோள் பட்டை இற்று விழுகிற மாதிரி வலி. ஃபெருஸி ஒரு பக்க முழங்கையைத் தாங்கிக்கொண்டான். கப்பல் மாலுமிகள் எதையும் கேலி செய்யக்கூடிய பயல்கள். அன்று ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை.

திட்டை அடைந்தபோது நடுராத்திரி தாண்டி, நிலா மேலே வந்திருந்தது. கடல் வற்றி, மணல் முதுகு வெள்ளையாகத் தெரிந்தது. படகு மணலில் தட்டியதும் தோள்பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. மஷாக்கா கையைக் கீழே போட்டான்.

திட்டின் நடுவில் ஒரு சிறுமி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயது இருக்கும். மூச்சு சீராக வந்தது. துரை குனிந்து அவள் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருந்தது. அந்தத் திட்டு பொங்குகடலில் ஓர் ஆள் உயரத்துக்கு முங்கிவிடும். அந்தப் பக்கத்து மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மற்றவர்கள் இல்லை. விடிய விடியச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர்கூட இல்லை.

சிறுமியின் பெயர் சிம்வாலா. ஏரிக்கரை தேசத்துப் பெண். போர்வையைச் சுற்றி, வெல்லம் கரைத்த சுடுதண்ணீர் கொடுத்தார்கள். அவள் மஷாக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது முகத்தைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

“எப்படித் தப்பிச்ச, கண்ணு?” என்று அவள் பாஷையில் கேட்டான்.

“நீங்கதானே வந்தீங்க,” என்றாள் அவள். “தண்ணி வர்றப்ப ஹோடின்னு கேட்டீங்க. அம்மா கரிபு சொன்னா. எல்லாரும் சொன்னாங்க. நீங்க வந்து நடுவுல நின்னீங்க. எல்லாரும் உங்களப் பிடிச்சுக்கிட்டாங்க. அம்மாதான் என்னத் தூக்கி உங்க தோள்ல வச்சா.”

ஃபெருஸி மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிம்வாலா கோப்பையைக் கீழே வைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

“எனக்கு முன்னாடியே தம்பி உங்க சட்டையப் பிடிச்சானே... அவன ஏன் தள்ளி விட்டீங்க?”